அதே கார்டுதானா?

கோபோ மினி என்றொரு மின்னூல் வாசிப்பான் 2012-இல் வந்தது. ஐந்து அங்குலத் திரை, உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் பின்மூடியின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் கையோடு வந்துவிடும். உள்ளே சர்க்யூட் பலகையில் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு செருகியிருக்கும். செல்பேசியில் படமும் பாட்டும் சேர்த்துவைக்க நாம் வாங்கிப் போடுகிறோமே, அதே ரகம், 2 ஜிபி.

செல்பேசியில் அந்தக் கார்டு கூடுதல் இடம், அவ்வளவுதான். அதை உருவிவிட்டாலும் போன் ஓடும். இந்த வாசிப்பானில் அப்படி முடியாது. கருவியைத் துவக்கும் யூ-பூட் என்ற சின்ன நிரல், லினக்ஸ் கெர்னல், எழுத்துருக்கள், வாங்கிய புத்தகங்கள், எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம் என்ற குறிப்பு என்று எல்லாமே அந்த ஒரு கார்டில்தான் இருக்கின்றன. துவக்க நிரலும் கெர்னலும் கார்டின் ஆரம்பத்தில், எந்தக் கோப்புறையிலும் தெரியாத பகுதியில் எழுதப்பட்டிருக்கும். அதனால் கார்டு பழுதாகி மாற்ற நேர்ந்தால் கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாது. முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே பிரதி எடுக்க வேண்டும்.

இத்தகைய பலகைகளில் லினக்ஸை ஏற்றி, ஓடவைத்து, பிறகு தூங்கவைத்து எழுப்பிப் பார்ப்பது என் வேலை. இதில் ஓடவைப்பது எளிது. தூங்கவைத்து எழுப்புவதில்தான் பாதி ஆயுள் போகிறது. வாசிப்பானோ கைக்கணினியோ, பேட்டரியில் ஓடும் எந்தக் கருவியும் நாளின் பெரும்பகுதி தூங்கிக்கொண்டுதான் இருக்கும். தூங்காவிட்டால் பொழுது சாய்வதற்குள் பேட்டரி காலி. ஆகவே இதைத் தட்டிக்கழிக்கவும் வழியில்லை.

தூக்கம் என்றால் அணைத்துவிடுவதாக நினைத்துவிடக் கூடாது. ரேம் நினைவகத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதில் இருப்பது அழியாது. கடிகாரச் சில்லும் எழுப்பும் பொத்தானும் விழித்திருக்கும். மற்ற எல்லாம் அடங்கிவிடும். அதற்கு முன் கெர்னல் ஒரு வரிசையாக வேலைகளை முடிக்கிறது: எழுதாமல் மிச்சம் இருப்பதைக் கார்டில் எழுதிவிடும், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை இருந்த இடத்திலேயே உறையவைக்கும், பிறகு திரை, யூஎஸ்பி, கார்டு என்று ஒவ்வொரு சாதனமாக அடக்கிக்கொண்டே வந்து கடைசியில் தானும் நிற்கும். எழும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். நிரல்களுக்கு இடையில் நேரம் கடந்ததே தெரியாது. விட்ட சொல்லிலிருந்து தொடரும்.

எல்லாம் சரியாக நடந்தால்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பக்கத்து மேசையிலிருந்து என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

"அக்கா, போர்டு எழுந்திரிச்சிடுச்சு. ஆனா எதுவுமே ஓட மாட்டேங்குது."

"எக்கோ அடிச்சுப் பாருப்பா."

"வருது."

"எல்எஸ்?"

"இன்புட் அவுட்புட் எரர்னு வருதுக்கா."

இந்த இரண்டு பதிலிலேயே நோய் தெரிந்துவிடும். எக்கோ என்பது கட்டளை வாங்கும் நிரலுக்குள்ளேயே இருக்கிற வேலை. அந்த நிரல் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கிறது. எல்எஸ் என்பது கார்டில் கிடக்கும் தனிக் கோப்பு. அதைப் படிக்கக் கார்டு வேண்டும். கார்டு இல்லை. கையால் தொட்டுப் பார்த்தால் செருகிய இடத்திலேயே இருக்கிறது. கெர்னலைப் பொறுத்தவரை இல்லை. திரையில் சுட்டி மினுக்கும், கடிகாரம் ஓடும், ஏற்கெனவே படித்து வைத்த பக்கங்கள் புரளும். புதிதாக ஒன்றைக் கேட்ட நொடியில் எல்லாம் நின்றுவிடும். இயங்குதளம் முழுக்க வேறோர் இடத்தில் இருந்து, கார்டில் படங்கள் மட்டும் இருந்திருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. கழற்றி மாட்டினால் தீர்ந்தது. இங்கே கழற்றி மாட்டச் சொல்வதற்கான நிரலே அந்தக் கார்டில்தான் இருக்கிறது.

இன்னொரு கொடுமை, என்ன நடந்தது என்ற பதிவையும் கருவி எழுத முடியாது. பதிவேட்டுக் கோப்பும் அதே கார்டில்தானே. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துத் திரும்பத் துவக்கினால், தூங்கப்போனது வரைக்கும் எழுதியிருக்கும். விழித்த பிறகு ஒரு வரிகூட இருக்காது. இதனால்தான் பலகையிலிருந்து மூன்று கம்பிகள் இழுத்து, சீரியல் வழியாக இன்னொரு கணினியில் கெர்னல் பேசுவதைக் கேட்கச் சொல்கிறேன். கெர்னல் வாய் மூடுவதில்லை. கேட்க ஆள் இருந்தால் சொல்லும். கார்டு பதில் சொல்லவில்லை என்பதற்கு அது தரும் எண் 110. காத்திருந்த நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

ஏன் பதில் சொல்லவில்லை?

எஸ்டி கார்டுக்குச் சொந்தமாக பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் தன்னில் எழுதிய தரவை மறக்காது. ஆனால் கருவியோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களை முழுக்க மறந்துவிடும். முதலில் கார்டும் கருவியும் சந்திக்கும்போது 400 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாத மெதுவான வேகத்தில், ஒரே ஒரு தரவுக் கம்பியில் பேசிக்கொள்கின்றன. கார்டு தன் அடையாளத்தைச் சொல்லும், தனக்கொரு தற்காலிக முகவரியைக் கொடுக்கும், பிறகு நான்கு கம்பிகளுக்கும் உயர்ந்த வேகத்துக்கும் இருவரும் மாறுவார்கள். தூக்கத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டால், விழித்த கருவி பழைய முகவரியைச் சொல்லி அதிவேகத்தில் கூப்பிடும். கார்டுக்கு அது யாரையோ கூப்பிடுவதாகத்தான் தோன்றும். ஆகவே விழித்ததும் மறுபடி முதலிலிருந்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். இதை ஓட்டுநிரல் ஒழுங்காகச் செய்தால் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

இதோடு முடிந்தால் இது வெறும் நிரல் பிழையாக இருந்திருக்கும். எப்போதோ திருத்திவிட்டு மறந்திருப்போம். உண்மையான சிக்கல் அறிமுகத்துக்குப் பிறகு வருகிறது. விழித்தபோது எதிரில் இருக்கும் கார்டு, தூங்கும் முன் இருந்த அதே கார்டுதானா?

ஒவ்வொரு எஸ்டி கார்டுக்குள்ளும் 128 பிட் நீளத்தில் ஓர் அடையாளப் பதிவேடு உண்டு. தயாரித்தவரின் எண், ஐந்து எழுத்தில் பொருளின் பெயர், 32 பிட் வரிசை எண், தயாரான மாதமும் வருடமும் அதில் இருக்கும். கெர்னல் தூங்கும் முன் பார்த்த பதிவேட்டையும் விழித்த பின் பார்ப்பதையும் ஒப்பிடுகிறது. வேறு கார்டு என்றால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அதே கார்டை நடுவில் யாராவது எடுத்து, இன்னொரு கணினியில் போட்டு, நான்கு கோப்பை அழித்து, இரண்டைச் சேர்த்து, திரும்பவும் செருகியிருந்தால்? அடையாளம் அச்சு அசலாகப் பொருந்தும். உள்ளே இருப்பது மாறியிருக்கும். மளிகைக் கடைக்காரர் யார் யார் எவ்வளவு பாக்கி என்று மனசில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்தபோது, மகன் வந்து கணக்கு நோட்டில் வரவு எழுதிப் பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போனது போல. எழுந்தவர் நோட்டைப் பார்க்காமல், மனக்கணக்கை அதன்மேல் எழுதுவார். கெர்னலும் அதையே செய்யும். எந்தக் கட்டம் காலி, எது நிரம்பியது என்ற பழைய வரைபடம் அதன் நினைவகத்தில் இருக்கிறது. அதை நம்பி புதுக் கோப்புகளின் தலைமேல் எழுதும். அடுத்த முறை துவக்கும்போது கார்டில் எதுவுமே தெளிவாக இருக்காது.

இந்த ஆபத்தை லினக்ஸ் எழுதியவர்கள் ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார்கள். அதனால் பழைய கெர்னல்கள் ஒரு கண்டிப்பான வழியில் போயின: தூங்கப்போகும்போது கார்டை யாரோ கழற்றிவிட்டதாகவே கருதிவிடுவது, விழித்ததும் இருப்பதைப் புதுக் கார்டாகப் பார்ப்பது. கேமரா கார்டைச் செருகிய மடிக்கணினிக்கு இது மிகச் சரி. ஆனால் அதே கார்டிலிருந்து இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தால், காலடித் தரையைத் தானே உருவிக்கொள்ளும். பூஜ்யம் என்ற எண்ணில் இருந்த கார்டு, எழுந்ததும் ஒன்று என்ற எண்ணில் புதிதாகத் தோன்றும். இயங்குதளமோ இல்லாத பூஜ்யத்தையே பிடித்துக்கொண்டு தொங்கும். கோப்பு முறைமை தன் குறிப்பேட்டில் எழுத முடியாமல், இனி படிக்க மட்டும்தான் என்று தன்னைப் பூட்டிக்கொள்ளும்.

ஓப்பன்மோக்கோ திட்டத்தின் நியோ ஃப்ரீரன்னர் போனை வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். 2008-இல் வந்த, தைவானில் உருவான போன் அது. வன்பொருளின் வரைபடத்தைக்கூட வெளியிட்ட, ஏறத்தாழ முழுக்கத் திறந்த லினக்ஸ் போன். 400 மெகாஹெர்ட்ஸ் சாம்சங் சில்லு, 128 எம்பி ரேம், 256 எம்பி ஃப்ளாஷ். டெபியன் போன்ற முழு இயங்குதளத்துக்கு அந்த 256 எம்பி போதவில்லை. பலரும் மைக்ரோ எஸ்டி கார்டில் டெபியனை நிறுவி அதிலிருந்தே ஓட்டினார்கள். நோக்கியா 1100-இல் போட்டோமே, அந்த பிஎல்-5சி பேட்டரி இதற்கும் பொருந்தும். என்னிடம் வந்த பழைய ஃப்ரீரன்னர் இன்றும் அந்த பேட்டரியில்தான் ஓடுகிறது.

அந்த போனில் கார்டு எங்கே இருந்தது என்பது முக்கியம். பேட்டரியைக் கழற்றினால் அடியில் சிம் இருக்கும். சிம்முக்கும் அடியில் கார்டு. பேட்டரியை எடுக்காமல் கார்டைத் தொடவே முடியாது. பேட்டரியை எடுத்தால் ரேமுக்கு மின்சாரம் போய்விடும், தூக்கம் மொத்தமாகக் கலைந்து போன் புதிதாகத் துவங்கும். தூங்கும்போது யாராவது கார்டை மாற்றிவிடுவார்களோ என்ற பயத்துக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் கெர்னலுக்கு அந்த போனின் வயிற்றமைப்பு தெரியாது. பொது விதியை அங்கேயும் அப்படியே கடைப்பிடித்தது.

இதற்கென்றே கெர்னலைத் தொகுக்கும்போது ஒரு தேர்வு கொடுத்திருந்தார்கள். கார்டுகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன என்று நம்பிக்கொள் என்பதுதான் அதன் பொருள். 'பாதுகாப்பற்ற விழிப்பு' என்ற பெயரும் பக்கத்திலேயே 'ஆபத்து' என்ற எச்சரிக்கையும் அதற்கு. கார்டிலிருந்தே ஓடும் சிறு கருவிகளுக்கு மட்டும், மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று உதவிக்குறிப்பும் இருந்தது. எனக்கு அந்தப் பெயர்மேல் மனத்தாங்கல் உண்டு. கார்டு பேட்டரிக்கு அடியில் பூட்டிக்கிடக்கும் கருவியில் அதுதான் பாதுகாப்பான விழிப்பு, மற்றதுதான் ஆபத்து. எது பாதுகாப்பு என்பதைப் பலகை சொல்ல வேண்டும், தொகுக்கும் பட்டியலில் இருக்கிற ஒற்றைச் சொல் சொல்லக் கூடாது.

   

பின்னாளில் கெர்னலில் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். இன்றைய கெர்னல் கார்டைக் கழற்றியதாகக் கருதுவதில்லை. விழித்ததும் மறு அறிமுகம் செய்து, அடையாளம் பொருந்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. கார்டு கழற்ற முடியாத இடத்தில் இருக்கிறது என்று சொல்ல, பலகையைப் பற்றிய விவரக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. பலகையைச் செய்தவருக்குத் தெரிந்ததை அவரே எழுதுகிறார், கெர்னல் ஊகிப்பதில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது: தூங்கும் மடிக்கணினியிலிருந்து கார்டை உருவி, வேறு கணினியில் எழுதி, திரும்பச் செருகுபவரின் தரவுக்குப் பழைய கண்டிப்பு தந்த பாதுகாப்பு இப்போது இல்லை. தூங்கும் கருவியிலிருந்து கார்டைக் கழற்றாதீர்கள் என்று நான் தெரிந்தவர்களிடமெல்லாம் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கருவியை எழுப்பி, முறைப்படி விடுவித்துவிட்டு எடுங்கள்.

கார்டு ரீடர் வழியாக ஓட்டுபவர்களுக்குச் சங்கடம் இன்னும் ஒரு படி அதிகம். 2007-இல் வந்த ஆசஸ் ஈ பிசி 701-இல் உள்சேமிப்பு வெறும் 4 ஜிபி. எஸ்டி கார்டில் வேறொரு லினக்ஸைப் போட்டு ஓட்டியவர்கள் ஏராளம். பக்கவாட்டில் இருந்த கார்டுத் துளை உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருந்தது. தூக்கத்தில் யூஎஸ்பிக்கு மின்சாரம் போனால், கெர்னல் பார்ப்பது ரீடர் பிடுங்கப்பட்டதைத்தான். இதைச் சமாளிக்க யூஎஸ்பி-பெர்சிஸ்ட் என்ற ஏற்பாடு வந்தது. அதைப் பற்றி ஆலன் ஸ்டெர்ன் 2006-இல் எழுதிய கெர்னல் ஆவணம், இதனால் தரவு கெடலாம் என்று வெளிப்படையாக எச்சரிக்கிறது. காரணம், யூஎஸ்பி வழியே கெர்னல் ஒப்பிடுவது ரீடரின் அடையாளத்தை. உள்ளே இருக்கும் கார்டின் அடையாளத்தை அல்ல. ரீடர் மாறாமல் கார்டு மட்டும் மாறியிருந்தால் அது ஏமாந்துவிடும்.

மின்சாரம் போவதால் வருகிற தொல்லைகளையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரியாகப் போகாததால் வரும் தொல்லைதான் இப்போது என் மேசைக்கு அதிகம் வருகிறது. வேகமான யூஎச்எஸ் கார்டுகள் 3.3 வோல்ட்டில் அறிமுகமாகி, பிறகு சமிக்ஞைகளை 1.8 வோல்ட்டுக்குத் தாழ்த்திக்கொள்ளும். அங்கிருந்து 3.3-க்குத் திரும்பக் கார்டுக்கு ஒரே வழி, மின்சாரம் முழுக்க நின்று மறுபடி வருவது. செலவைக் குறைக்க நினைக்கும் பலகைகளில் கார்டுக்குத் தனி மின்சுவிட்ச் இருக்காது. பலகை உயிரோடு இருக்கும்வரை கார்டுக்கும் மின்சாரம் ஓடும். விழித்த கருவி 3.3 வோல்ட்டில் கூப்பிட, கார்டு 1.8-இலேயே உட்கார்ந்திருக்கும். சுவிட்ச் வைத்த பலகையிலும், கபாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் மெதுவாக வடிந்தால் கார்டுக்குத் தான் அணைந்ததே தெரியாது. மின்னழுத்தம் 0.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் குறைந்தது ஒரு மில்லி செகண்ட் நிற்க வேண்டும் என்று தரவிதி சொல்கிறது. ஆசிலோஸ்கோப்பின் முனையைக் கார்டின் மின்கம்பியில் வைத்து அந்த இறக்கத்தைப் பார்த்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். நிரலை எத்தனை முறை திருத்தினாலும் தீராத பழுது, பலகையில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்ததும் தீர்ந்திருக்கிறது.

கார்டுக்குள்ளேயும் ஒரு கணினி இருக்கிறது. வன்பொருள் ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ ஹுவாங்கும் ஷான் கிராஸும் 2013-இல் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் அதைத் திறந்தே காட்டினார்கள்: எஸ்டி கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லில் தங்கள் சொந்த நிரலை ஓடவைத்தார்கள். ஃப்ளாஷ் நினைவகத்தில் இருக்கும் ஒரு பைட்டை மட்டும் அழித்து எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழிக்க வேண்டும். அதற்காக உள்சில்லு தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். நாம் எழுதியது முடிந்துவிட்டது என்று கார்டு சொன்ன பிறகும் சில மலிவான கார்டுகள் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் தூக்கத்துக்காக மின்சாரத்தை வெட்டினால், இப்போது எழுதிய கோப்பு மட்டுமல்ல, எப்போதோ எழுதிப் பக்கத்தில் கிடந்ததும் சேர்ந்து கெடலாம். பலகையோடு பற்றவைத்த இஎம்எம்சி நினைவகத்தில், மின்சாரத்தை நிறுத்தப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்ல 4.5 தரவிதியிலிருந்து ஒரு கட்டளை உண்டு. எஸ்டி கார்டுகளுக்கும் புதிய தரவிதியில் அதுபோல வந்திருக்கிறது. கடையில் கிடைக்கிற விலை மலிந்த கார்டில் அதை எதிர்பார்க்க முடியாது.

இதனால்தான், கார்டிலிருந்து ஓடும் கருவியைச் செய்கிறவர்களிடம், இயங்குதளத்தைப் படிக்க மட்டும் என்று வைத்துவிட்டு, எழுதவேண்டியவற்றுக்குத் தனியாகச் சிறிய பகுதி ஒதுக்கச் சொல்கிறேன். எழுதாத இடத்தில் பழைய வரைபடம் இருந்தாலும் கெடுதல் செய்ய முடியாது. தூக்கச் சோதனையையும் கையால் நான்கு முறை செய்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. ஆர்டிசிவேக் என்ற கட்டளை கருவியைத் தூங்கவைத்து, சொன்ன நொடியில் கடிகாரத்தால் எழுப்பிவிடும். அதை இரவெல்லாம் சுழலவிட்டு, கூடவே கார்டில் எழுதிக்கொண்டும் இருக்க வேண்டும். பகலில் ஒழுங்காக எழும் பலகை, சுழற்சி ஆயிரத்தை நெருங்கும்போது விழாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் கையெழுத்துப் போடுவேன்.

வீட்டில் ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். அதன் முதல் நான்கு தலைமுறைகளிலும் இந்த வகைத் தூக்கமே கிடையாது. கார்டிலிருந்து ஓடும், ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே பயம் திடீரென்று பிளக்கைப் பிடுங்குவதில் மட்டும்தான்.

அதே கார்டுதானா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு, அது நிரலில் இல்லை. கார்டு செருகும் சாக்கெட்டுகள் பலவற்றில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. கார்டு உள்ளே இருந்தால் ஒரு நிலை, எடுத்தால் மறு நிலை. அந்தச் சுவிட்சின் ஊசியைச் சில்லின் விழித்திருக்கும் பகுதியோடு ஒரு கம்பியால் இணைத்தால், தூக்கத்தில் யாராவது கார்டைத் தொட்ட அந்த நொடியே கருவி எழுந்துகொள்ளும். கெர்னலில் அதற்கான வசதி இருக்கிறது. ஊகமே வேண்டாம்: சுவிட்ச் அசையவில்லையென்றால் அதே கார்டு, அதே உள்ளடக்கம். ஆனால் ஓர் இணைப்பு மிச்சம் என்று பலரும் அந்த ஊசியை எங்கும் சேர்க்காமல் அந்தரத்தில் விட்டுவிடுகிறார்கள். புதுப் பலகையின் வரைபடம் என் மேசைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது அந்த ஊசியைத்தான். கார்டைக் கையால் கழற்ற முடிகிற கருவியில் அது இணையாமல் இருந்தால், பலகை அச்சுக்குப் போகும் முன்பே வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.